ஆயில் பர்னர் பற்றவைத்த காலை

இன்னும் உள்ளே சிவக்கவில்லை என்கிறார். சிவக்கட்டும், சிவக்காமல் போகட்டும், நான் இந்தத் துவைக்கிற கல்லை விட்டு நகரப் போவதில்லை, இங்கேதான் நிற்கச் சொன்னார், நிற்கிறேன். இவர் அந்த டிரம்முக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பாதியாக வெட்டிய இரும்பு டிரம், உள்ளே கனமாகக் களிமண் பூச்சு, அதன் நடுவில் பழைய பிஸ்டன்கள் போட்ட உருக்குப் பானை, பக்கவாட்டில் ஒரு பைப்பு, பைப்புக்குப் பின்னால் காற்றடிக்க இரும்புக்கடையில் எடுத்த புளோயர், மேலே ஸ்டாண்டில் எண்ணெய்க் கேன், கேனின் அடியில் திறந்து மூடுகிற குழாய், அதிலிருந்து பைப்புக்கு ஒரு மெல்லிய செம்புக் குழாய். இவ்வளவுதான் இவருடைய பர்னர். மெக்கானிக் கடையில் வண்டிகளிலிருந்து வடித்துக் கொட்டுகிற கறுப்பு எண்ணெயை இது குடிக்குமாம், குடித்துவிட்டு அலுமினியத்தைத் தண்ணீராக்குமாம். முதலில் தேங்காய்த் தொட்டி, அதாவது கொட்டாங்குச்சி, போட்டு டிரம்மைச் சூடாக்க வேண்டும், உள்சுவர் சிவந்த பிறகுதான் எண்ணெயைத் திறக்க வேண்டும். தொட்டி நன்றாகத்தான் எரிகிறது. எதையோ மறந்துவிட்டேன் என்று காலையிலிருந்து ஒரு உறுத்தல். கேஸ் சிலிண்டரைக் கழற்றி முன்னறைக்குக் கொண்டுபோயாகிவிட்டது. கொடியில் கிடந்த துணியை எடுத்தாகிவிட்டது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியாகிவிட்டது. பால் அடுப்பிலா? இல்லை, சிலிண்டரே இல்லாமல் அடுப்பு எங்கே எரிகிறது. என்ன மறந்தேன் என்று தெரியவில்லை, ஆனால் எதையோ மறந்திருக்கிறேன்.

பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீராவது இருக்கட்டும் என்று சற்றுமுன் கொண்டுவந்து வைத்தேன், அதற்கு ஒரு பாட்டு. "தண்ணிய எதுக்குக் கொண்டாந்த? எடு மொதல்ல. எண்ணெய்த் தீயில தண்ணி பட்டா தீ எந்திரிச்சு ஆள் மேல வரும். மணல் போதும்." பாட்டு என்று சொல்கிறேனே தவிர இவர் சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை, சத்தம் போட்டு எவ்வளவு காலமாயிற்று, கோயிலில் பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னார். பக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் என்றால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? இவர் முன்பு வேலை பார்த்த அலுமினியம் உருக்குகிற பட்டறையில் அன்றைக்கும் தண்ணீர்தானே. மழை பெய்து ஓய்ந்த காலை, வெளியே குவித்திருந்த பழைய அலுமினியத்தை அள்ளி உலையில் போட்டார்கள், அதில் எந்தத் துண்டின் பொந்திலோ மழைத்தண்ணீர் தங்கியிருந்திருக்கிறது, உருகின உலோகத்துக்கு அடியில் போன தண்ணீர் சும்மா இருக்குமா, வெடித்துக்கொண்டு வெளியே வந்தது, இவருக்கு வலது காது, கழுத்து, முழங்கைவரை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுக்கு மேல் கட்டு. அப்போதும் இவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்றைத்தான் கேட்டார், "நான் ஈரம் பாக்காமப் போட்டுட்டனா?" கூட வேலை செய்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, ரெஸ்ட் எடு நாச்சிமுத்து, அதெல்லாம் எதுக்கு இப்போ என்றார். எல்லோரும் சேர்ந்து அள்ளியது, யார் கை போட்டது என்று யாருக்குத் தெரியும். தெரியாது என்றாவது ஒருத்தன் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவராகவே முடிவு செய்துகொண்டார்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்த மனுசன் வேறு. தோல் ஆறிவிட்டது, காது கொஞ்சம் சுருங்கினதோடு சரி. ஆனால் கேஸ் அடுப்பைக்கூடப் பற்றவைக்க மாட்டார், நான் வெளியே போயிருந்தால் ஆறின காப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கார்த்திகைக்கு நான் விளக்கு வைக்கிற வரைக்கும் வாசலுக்கு வரமாட்டார். அவினாசி ரோட்டில் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன் வேலை, நீலச் சட்டை, போகிற வருகிற காருக்கெல்லாம் கேட்டைத் திறந்து சரிங் சார், சரிங் சார். பட்டறையில் இவர் குரல் எப்படி இருக்கும் தெரியுமா? சாப்பாடு கொடுக்கப் போகும்போது வாசலிலேயே கேட்கும். உலை இரைச்சலைத் தாண்டி ஆட்களை ஏவுகிற குரல், தள்ளுடா, ஊத்துடா, கரண்டியைக் காயவைடா. வீட்டிலும் அதே குரலில்தான் உப்புக் கம்மி என்பார், பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காவுக்குக்கூட எங்கள் வீட்டுக் குழம்பில் உப்புக் கம்மி என்று தெரிந்துவிடும். எனக்குக் கூச்சமாக இருக்கும், கொஞ்சம் மெதுவாச் சொல்றதுங் என்பேன். இப்போது மெதுவாகச் சொல்கிறார். உப்பே போடாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். நான் வேண்டுமென்றே ஒருநாள் போடாமல் பார்த்தேன்.

வாட்ச்மேன் கூண்டில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். எந்த ஊரோ, ஒரு வெள்ளைக்காரன், தன் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு வேஸ்ட் ஆயிலில் பித்தளை உருக்குகிறான். அவன் பேசுவது ஒரு வார்த்தை இவருக்குப் புரியாது, ஆனால் கை புரியுமே, கை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதானே வேலை செய்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் ஒருநாள் சைக்கிளில் டிரம்மைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். எதுக்குங் என்றேன். ஒரே ஒரு தடவை ஊத்திப் பாக்கோணும் என்றார், ஒரு புல்லி, பெல்ட்டு மாட்டற சக்கரம், சின்னதா ஒரே ஒரு புல்லி. அவ்வளவுதான் சொன்னார், நான் ஆடித் தீர்த்துவிட்டேன். உடம்பில் பாதியைக் கொடுத்தது போதாதா, மீதியையும் கொடுக்க வேண்டுமா, யாருக்கு வேண்டும் உங்கள் புல்லி, கடையில் தொங்குகிறதே. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால்தானே சண்டை போடலாம்? இவர் களிமண் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் நானே போய் அந்தப் பூச்சில் வெடிப்பு விழாமல் ஈரத்துணி போட்டு மூடினேன், வேறென்ன செய்ய. மெக்கானிக் கடை எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்குமாம், அதை ஒரு பீப்பாயில் தெளியவைத்து, மேலாக மொண்டு, வேட்டித் துணியில் வடிகட்டி, அதையும் சட்டியில் ஊற்றி வெயிலில் வைத்து, கரண்டியில் எடுத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நெய் காய்ச்சுகிறவள்கூட அவ்வளவு பார்க்க மாட்டாள். எத்தனை நாள் பார்த்தார்! ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது, ஒரு சொட்டு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தார்.

நேற்று ஆயுத பூஜை. சரஸ்வதிக்குப் புத்தகமும் இல்லை படிக்கிறவர்களும் இல்லை, மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள், இருப்பதெல்லாம் இவருடைய சாமான்தான். இவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் ஒன்றுவிடாமல் எடுத்துக் கழுவினேன், அரிவாள்மனை, கத்தி, சைக்கிள், இவருடைய இடுக்கி, நீளக் கரண்டி, புளோயரைத் துணியால் துடைத்தேன், கேனைச் சோப்புத்தூள் போட்டு உள்ளும் புறமும் அலசினேன், பூஜைக்கு வைக்கிற பொருளில் பிசுக்கு இருக்கலாமா? எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஈரத்தில் வைத்த சந்தனம் வழிந்துவிடாமல் ஒவ்வொன்றையும் பக்குவமாக நிமிர்த்தி வைத்து, பொரி, கடலை, சாமந்திப் பூ. இவர் வந்ததும் சூடம் காட்டினேன், இவர் தள்ளி நின்றே கும்பிட்டார். ஊரெல்லாம் அந்த நேரத்தில் என்ன வேண்டிக்கொள்ளும்? லேத்து நன்றாக ஓட வேண்டும், வண்டி நிற்காமல் ஓட வேண்டும். நான் என்ன வேண்டினேன்? கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பர்னரின் முன்னால் நின்றுகொண்டே, இது பற்றக் கூடாது சாமி, எத்தனை தடவை வைத்தாலும் பற்றக் கூடாது, இவர் சலித்துப் போய் விட்டுவிட வேண்டும் என்று வேண்டினேன். ஆயுத பூஜையில் ஆயுதம் வேலை செய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன். இன்று விஜயதசமி, நல்ல நாள், இன்றைக்கே வைத்துவிடலாம் என்று விடிந்ததும் எண்ணெயைக் கேனில் ஊற்றிவிட்டார்.

"ஏம்புள்ள துளசி, பொகை வருமா? என்ற கொடில துணி காயுது." ராஜாமணி அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டுகிறாள். துணியை எடுத்துருங்க்கா என்கிறேன். "உன்ற ஊட்டுக்காரருக்கு இந்த வேலையெல்லாம் எதுக்கு, செவனேன்னு கேட்டைத் தொறந்து உடறதை உட்டுப்போட்டு." என் மனதில் இருந்ததைத்தான் சொல்கிறாள், ஆனாலும் அவள் வாயிலிருந்து கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்குத் தெரியாதா அக்கா, எத்தனை வருசம் உருக்கின கை என்கிறேன். எதற்குச் சொன்னேன்? இவர் காதில் விழுந்திருக்குமா? இவர் டிரம்முக்குள் எட்டிப் பார்க்கிறார், அந்தச் சூட்டுக்கு முகத்தைக் காட்டுகிறார், மனுசன் முகத்தைக் காட்டுகிறார்! கேஸ் அடுப்புக்குக் காட்டாத முகம். நெற்றியில் வேர்வை, சுருங்கின காது பளபளவென்று இருக்கிறது. சிவந்துருச்சு என்கிறார், எனக்கா தனக்கா தெரியவில்லை. எழுந்து புளோயரைக் கூட்டுகிறார், சத்தம் எழும்புகிறது, கையைக் கேன் குழாய்க்குக் கொண்டுபோகிறார், வைத்துவிட்டு எடுக்கிறார், வேட்டியில் துடைக்கிறார், மறுபடி வைக்கிறார். எடுத்துருங்க, வந்துருங்க, போதும். இல்லை, திறங்க. இரண்டும் எனக்குள் ஒன்றாகக் கேட்கிறது.

திறந்துவிட்டார். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் சுர்ரென்று ஒரு சத்தம், தாளிக்கிற சட்டியில் ஈரக் கறிவேப்பிலையைப் போட்ட மாதிரி, அதைவிடப் பத்து மடங்கு, பைப்பின் வாய் படபடவென்று துப்புகிறது, நெருப்புப் பொறி தரையெல்லாம் தெறிக்கிறது, நான் கத்தினேனா தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன், மூடின கண்ணுக்குள் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில். திறந்து பார்த்தால் வெள்ளைப் புகை. இவர் அங்கேயே நிற்கிறார். ஓடவில்லை. குழாயை மூடிவிட்டு நிற்கிறார், கை கால் எல்லாம் முழுசாக இருக்கிறது. தீ அணைந்துவிட்டது. புகை போகும்வரை புளோயரை ஓடவிட்டு, மறுபடி தொட்டி போட்டு, மறுபடி சிவக்கவைத்து, மறுபடி திறந்தார். மறுபடி அதே சுர். அதே துப்பல், அதே வெள்ளைப் புகை. இந்தத் தடவை புகை கலைந்ததும் புளோயரையும் நிறுத்திவிட்டார். தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போவது கேட்டது.

"தண்ணி" என்றார். டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்ற எண்ணெய்ல தண்ணி இருக்குது துளசி. அத்தனை நாள் பாத்தேன், என்ற கண்ணுக்குத் தெரியல." கீழே உட்கார்ந்துவிட்டார். "வுடு. நீ சொன்னதுதான் சரி. ஈரம் பாக்கத் தெரியாதவன் உருக்கற வேலைக்கே லாயக்கில்ல. அன்னைக்கும் என்ற கண்ணுதான், இன்னைக்கும் என்ற கண்ணுதான். நாளைக்கு இரும்புக்கடைக்காரனை வரச் சொல்லி எடைக்குப் போட்டர்லாம்." நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. எத்தனை ராத்திரி இந்த வார்த்தைக்காகப் படுக்கையில் புரண்டிருக்கிறேன். சாமி கேட்டுவிட்டது, பற்றவில்லை, இவருக்கு ஒரு கீறல் இல்லை, நாளைக்கு டிரம் போய்விடும், இந்த இடத்தில் நான் மறுபடி கொடி கட்டலாம். சரிங், வாங்க காப்பி குடிக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. என்ன சொன்னார், தண்ணி என்றார். எங்கிருந்து தண்ணி வரும், நான் பார்த்தேனே, வெயிலில் வைத்து வைத்து வடித்த எண்ணெய். கண் தன்னால் மேலே போகிறது. ஸ்டாண்டில் கேன், வயிற்றில் என் சந்தனப் பொட்டு, அழியாமல், நேற்று வைத்தபடி. அய்யோ. காலையிலிருந்து உறுத்தினது இதுதானா. கேனின் வாய் சின்னது, கை போகாது, சோப்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிச் சாய்த்துக் கொட்டினேன், அடியில் குழாயை மூடியபடியே. கவிழ்த்து வைத்தேனா? எங்கே கவிழ்ப்பது, சந்தனம் தரையில் படுமே. இவர் அதன்மேலேயே எண்ணெயை ஊற்றியிருக்கிறார், கறுப்புக்குள் என்ன தெரியும், எண்ணெய் மேலே, தண்ணீர் அடியில், குழாய் அடியில்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் இன்றோடு முடிந்தது, இவர் கேட்டைத் திறந்துவிடுவார், சரிங் சார், சாயங்காலம் முழுசாக வீட்டுக்கு வருவார். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? நான் என்ன தப்பா ஆசைப்பட்டேன், உயிரோடு இருக்க வேண்டும் என்றுதானே. வெடித்தால்? அடுத்த தடவை வெடித்தால் நானே சொல்லிக் கொடுத்து வெடித்த மாதிரி ஆகாதா? பேசாமல் இரு துளசி. நாளைக்குக் காலையில் எல்லாம் போய்விடும். ஆனால் இவர் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார், கையை மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு. அன்று கட்டிலில் கிடந்து இவர் கேட்டதற்கு ஒருத்தனும் பதில் சொல்லவில்லை, பதில் அவர்களுக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். அவர்களை நான் எவ்வளவு சபித்திருப்பேன். இன்றைக்குக் கேள்வி வேறு, பதில் எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் நானும் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனவள்தான். இவர் சாகிறவரைக்கும் தன் கண்ணையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சோறு எனக்கு இறங்குமா? எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் கால் கல்லை விட்டு இறங்கிவிட்டது.

"ஏனுங், அந்தக் கேனை நாந்தானுங் கழுவுனேன்." நிமிர்ந்து பார்த்தார். "எப்ப?" நேத்து, பூசைக்குங் என்றேன். "உள்ளயா?" உள்ளயுந்தானுங். "கவுத்தி வெச்சயா?" இல்லீங், சந்தனம் அழிஞ்சு போகும்னு நிமுத்தியே வெச்சுட்டனுங். எழுந்தார். கேனிலிருந்து செம்புக் குழாயைக் கழற்றினார், ஒரு அலுமினியக் கிண்ணத்தைப் பிடித்துக் கேன் குழாயைத் திறந்தார். முதலில் வந்தது சாம்பல் கலரில் தண்ணீர், ஓரத்தில் சோப்பு நுரை. அப்புறம் இழுத்து இழுத்து, பழுப்பாக, அப்புறம் கறுப்பாக, கெட்டியாக, ஒரே சீராக. ஒரு விரலால் அந்தக் கறுப்பைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். வெயிலில் காட்டிப் பார்த்தார். "அப்ப நான் வடிச்ச எண்ணெய் சுத்தந்தான்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அறிவு இருக்குதா உனக்கு?" தூக்கிவாரிப்போட்டது. "எண்ணெய்க் கேனை எவளாச்சும் சோப்புப் போட்டுக் கழுவுவாளா? கழுவுனவ கழுவுனேன்னு ஒரு வார்த்தை சொல்லோணுமல்ல? மூஞ்சி வெந்து போயிருந்தா என்ன பண்ணியிருப்ப? சந்தனம் வெச்சாளாம் சந்தனம்!" ராஜாமணி அக்காவின் தலை சுவருக்கு மேல் வந்து, பார்த்துவிட்டு, உடனே இறங்கிப் போயிற்று. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பட்டறை வாசலில் சாப்பாட்டுப் பையோடு நிற்கும்போது கேட்குமே, அதே குரல், எங்கே போயிருந்தது இத்தனை காலம். "நிக்கறா பாரு கல்லு மாதிரி, அந்தத் தொட்டிய எடு, காஞ்ச துணி கொண்டா, ஓடு!" ஓடினேன். காய்ந்த துணி, காய்ந்த தொட்டி, எல்லாவற்றையும் கையால் தடவித் தடவி ஈரம் பார்த்துக் கொண்டுவந்தேன். செம்புக் குழாயை ஊதிக் காயவைத்தார், தொட்டியைப் பற்றவைத்தார், தன் கையாலேயே தீக்குச்சி உரசிப் பற்றவைத்தார். உள்ளே மறுபடி சிவக்கிறது. எனக்குப் பயம் ஒரு இழைகூடக் குறையவில்லை, இதைச் சொல்லிவிட்டேனே, ஏன் சொன்னேன், நன்றாக இருப்பாரா, இருப்பார், நன்றாக இருக்க வேண்டும். குழாயைத் திறந்தார். சுர் இல்லை. ஒரு கறுப்புப் புகை, அப்புறம் அடியிலிருந்து ஒரு உறுமல் எழுந்து, டிரம்மின் வாய் முழுக்க மஞ்சளாக, அப்புறம் வெள்ளையாகத் தீ நின்றது. நான் என்னையறியாமல் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டேன் போலிருக்கிறது. இவர் திரும்பி, இடுக்கியை என் பக்கம் நீட்டி ஆட்டி, கழுத்து நரம்பு புடைக்க எதையோ கத்துகிறார். அந்த இரைச்சலில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டுகிறார் என்று மட்டும் தெரிகிறது.